தடயவியல் வேலைக்கு ஆசைப்படுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு ‘தடயவியல் படிக்கணும்’ என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் தடயம் எடுப்பவரே சோதனை செய்து குற்றவாளியையும் பிடித்துவிடுவார் என்று நினைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விசாரணை போலீசின் வேலை. விரல் ரேகைப் பிரிவும் போலீசுக்குள்தான் வருகிறது. ரத்தமும் விஷமும் தோட்டாவும் தமிழக அரசின் தடய அறிவியல் துறைக்குப் போகும். 1849இல் இதே சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதனைக் கூடத்தின் வாரிசு அது.

கல்லூரி விளம்பரத்தில் ‘ஃபாரன்சிக்’ என்று பார்த்ததுமே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இந்தத் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு ஆள் எடுப்பது டி.என்.பி.எஸ்.சி. பழைய அறிவிப்புகளில் எந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் சேருங்கள். என்னைக் கேட்டால், வேதியியலில் அடித்தளம் உறுதியாக இருப்பவருக்கு வேறு வழிகளும் திறந்தே இருக்கும்.

குளுகுளு ஆய்வகத்தை மட்டும் கற்பனை செய்வது இன்னொரு தவறு. காசிமேட்டில் ஒரு குறுகலான சந்து, நடுராத்திரி. நீங்கள் போவதற்குள் பாதித் தெருவே உள்ளே வந்து எட்டிப் பார்த்திருக்கும். யாராவது வாசலைக் கழுவியும் விட்டிருப்பார்கள். வீட்டுக்குள் ஃபேனைப் போடக் கூடாது, தலைமுடியும் நூலிழையும் பறந்துவிடும். முகக்கவசத்துக்குள் வியர்த்துக் கொட்டும். அதில் ஒரு சொட்டு தடயத்தில் விழுந்தால் உங்கள் டி.என்.ஏ.வும் அதில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் கையுறை மாற்ற வேண்டும். ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பாலிதீன் கவரில் திணித்தால், நம் கடற்கரைப் புழுக்கத்துக்குச் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். நிழலில் உலர்த்தி, தனித்தனியாகக் காகித உறையில் போட்டு, சீல் வைக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் போதாது, பழைய துணியை வைத்துக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போக வேண்டும். இதை அமலுக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதனால் நாளைக்கே வேலை கொட்டும் என்று நம்பி வேறு தேர்வு எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

எழுத்து வேலையை அலட்சியம் செய்பவர்கள் கோர்ட்டில்தான் மாட்டுவார்கள். ‘உறைக்கு சீல் வைத்தது எத்தனை மணிக்கு? அதுவரை அது யார் கையில் இருந்தது?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் துருவுவார். பல மாதம் கழித்து ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்ல முடியாது. பயிற்சிக் காலத்திலேயே நேரம், இடம், வாங்கியவர் பெயர் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதிப் பழகுங்கள்.