அமெரிக்க ராணுவ டிஸ்சார்ஜை உயர்த்த விண்ணப்பிப்பது எப்படி?

என் தம்பி மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவன். கிரீன் கார்டு இல்லாவிட்டாலும், சில குறிப்பிட்ட மொழிகள் தெரிந்தவர்களையும் மருத்துவத் துறையினரையும் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் புது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆப்கானிஸ்தான் போய் வந்த பிறகு சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா தெரிந்து, 'ஜெனரல்' டிஸ்சார்ஜோடு (வெளியேற்றும்போது பணிக்குத் தரும் தர முத்திரை) வெளியே அனுப்பப்பட்டான். இப்போது அவன் கையில் இருப்பது 'ஹானரபிள்'. நடுவில் இருந்த காகித வேலையைப் பெரும்பாலும் நான்தான் பார்த்தேன். நான் வக்கீல் இல்லை. படிவம் நிரப்பத் தெரிந்த அக்கா, அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் வகைகள் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். மேலிருந்து கீழாகச் சொன்னால், ஹானரபிள், ஜெனரல், அதர் தேன் ஹானரபிள் மூன்றும் நிர்வாக முடிவுகள். அதற்கும் கீழே உள்ள பேட் காண்டக்டும் டிஸ்ஹானரபிளும் கோர்ட் மார்ஷியல், அதாவது ராணுவ நீதிமன்றம், தரும் தண்டனைகள். ஜெனரல்தானே, பரவாயில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முன்னாள் வீரர்களுக்கான அரசுத் துறையான வி.ஏ. தரும் பெரும்பாலான சலுகைகள் அதில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் படிப்புச் செலவுக்கான போஸ்ட் 9/11 ஜிஐ பில்லுக்கு ஹானரபிள் வேண்டும். தம்பிக்கு இடித்தது அங்கேதான்.

முதலில்: எந்த போர்டு?

டிஸ்சார்ஜ் ஆகி 15 வருடத்துக்குள் இருந்தால், அதை மறுபரிசீலனை செய்யும் குழுவான டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு. படிவம் டிடி 293. 15 வருடம் தாண்டிவிட்டாலோ, 'ஜெனரல் கோர்ட் மார்ஷியல்' என்ற உயர்நிலை ராணுவ நீதிமன்றம் கொடுத்த தண்டனை என்றாலோ, ராணுவப் பதிவுகளைத் திருத்தும் தனி போர்டு. படிவம் டிடி 149. இந்த இரண்டாவது போர்டுக்கு, தவறு தெரிய வந்ததிலிருந்து மூன்று வருடம் என்று ஒரு கெடு உண்டு. நியாயம் கருதி அதைத் தளர்த்தவும் அவர்களுக்கு அதிகாரம் இருப்பதால், காலம் போய்விட்டதே என்று சும்மா இருக்க வேண்டாம்.

ஆறு மாதத்தில் டிஸ்சார்ஜ் தானாக உயர்ந்துவிடும் என்று வெளியே வரும்போது யாராவது சொல்லியிருப்பார்கள். எதுவும் தானாக உயராது. விண்ணப்பித்தால் இருப்பதும் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். ரிவ்யூ போர்டு உங்கள் டிஸ்சார்ஜை இப்போது இருப்பதைவிடக் கீழே இறக்க முடியாது.

இரண்டாவது: காகிதங்கள்

வெளியேறும்போது தரும் பணிச் சான்றான டிடி 214ஐ எடுத்து 'மெம்பர் 4' பிரதிதானா என்று பாருங்கள். 'மெம்பர் 1' பிரதியில் டிஸ்சார்ஜ் வகையும் காரணமும் இருக்காது. 24ஆம் கட்டத்தில் வகை, 26இல் வெளியேற்றக் குறியீடு, 27இல் மறுசேர்ப்புக் குறியீடு, 28இல் காரணம். தம்பியுடையதில் 28ஆம் கட்டத்தில் 'மிஸ்காண்டக்ட்', பக்கத்திலேயே 'ட்ரக் அப்யூஸ்'. வேலைக்கு எடுப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது 24ஐ விட இந்த 28தான். அதனால் வகையை மட்டும் கேட்காமல், காரணத்தையும் குறியீடுகளையும் மாற்றித் தரும்படி சேர்த்தே கேளுங்கள்.

பணிக் கோப்பை செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இணையம் வழியாகவோ எஸ்.எஃப். 180 படிவத்திலோ கேட்கலாம். வெளியேற்றும்போது தயாரித்த கட்டு முழுவதும் வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். கமாண்டரின் பரிந்துரை, சோதனை முடிவு, ஆர்டிகிள் 15 (கோர்ட் மார்ஷியல் இல்லாமல் கமாண்டரே தரும் தண்டனை), நீங்கள் கையெழுத்திட்ட உரிமை விலக்கு எல்லாம் அதில்தான் இருக்கும். மருத்துவப் பதிவுகள் இந்தக் கோப்போடு வருவதில்லை. அதற்குத் தனி விண்ணப்பம். பணிக் கோப்பு வந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து உட்காருகிறவர்கள் நிறைய. உண்மையில் வழக்கு நிற்பது மருத்துவப் பதிவில்.

மூன்றாவது: தொடர்பைக் காட்டுவது

மற்ற எல்லாப் படிகளையும் அரைகுறையாகச் செய்து தப்பிக்கலாம். இதில் முடியாது.

2014 செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் ஒரு குறிப்பாணை வெளியிட்டார். வியட்நாம் போர்க்கால வீரர்கள் போன்றவர்களின் விண்ணப்பங்களில் பிடிஎஸ்டியை (பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) பரிவோடு கணக்கில் எடுக்க வேண்டும் என்பது சாரம். பாதுகாப்புத் துறை அதிகாரி கர்டா 2017 ஆகஸ்டில் வெளியிட்ட குறிப்பாணை அதை விரித்து எல்லாக் காலத்து வீரர்களுக்கும், பிற மனநலச் சிக்கல்களுக்கும், மூளைக் காயத்துக்கும், பாலியல் தாக்குதலுக்கு உள்ளானவர்களுக்கும் பொருத்தியது. போர்டு கேட்கும் நான்கு கேள்விகள் அதில்தான் இருக்கின்றன. தவறைக் குறைத்துப் பார்க்க வைக்கும் நோயோ அனுபவமோ உங்களுக்கு இருந்ததா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது அந்தத் தவறை உண்மையிலேயே விளக்குகிறதா? தவறின் கனத்தைவிட அதன் கனம் அதிகமா?

தம்பி முதலில் எழுதிய கடிதத்தில் இந்த நான்கில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பக்கம் முழுக்க மன்னிப்பு. 'நல்ல குடும்பத்தில் பிறந்தவன், பெற்றோருக்குத் தலைகுனிவு, இனி இப்படி நடக்காது.' படிக்க உருக்கமாகத்தான் இருந்தது. தூக்கம் வராமல் விடிய விடியக் கூடத்தில் நடந்ததும், சாலையில் குப்பைப் பை கிடந்தால் காரை ஒதுக்கி நிறுத்தியதும் எங்கே என்று கேட்டேன். "அதையெல்லாம் எழுதினா பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்கக்கா, கல்யாணம் வேற பாக்கணும்" என்றான். எங்கள் வீட்டில் யாரும் அவனை மனநல மருத்துவரிடம் போகச் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். திருநள்ளாறு போகச் சொன்னார்கள்.

ஆக, எதை மறைப்பது மானம் என்று நினைக்கிறோமோ அதுதான் போர்டுக்கு வேண்டிய சாட்சி. கடிதத்தைத் தேதி வரிசையில் திரும்ப எழுத வைத்தேன். கஞ்சாவுக்கு முன்னால் பணி எப்படி, கான்வாயில் குண்டு வெடித்தது எப்போது, அதற்குப் பிறகு தூக்கம், கோபம், வேலை எப்படி மாறின, மாத்திரை கொடுத்தார்களா, அது கேட்டதா, எப்போது புகைக்க ஆரம்பித்தான், எதற்காக. தூங்குவதற்காக. அந்த ஒரு பதிலில்தான் நோயும் தவறும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்படுகின்றன. போதைப் பழக்கத்தையும் திடீர் நடத்தை மாற்றத்தையுமே அப்படிப்பட்ட நிலைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று கர்டா குறிப்பாணை சொல்கிறது. திட்டமிட்டுச் செய்த குற்றத்தை மனநலக் காரணம் பொதுவாக மன்னிக்காது என்றும் அதே குறிப்பாணை சொல்கிறது. திருட்டு, மோசடி வழக்குகளில் இந்த வழி சிரமம்.

இதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை வந்தது. போர்க்களத்திலிருந்து திரும்பும்போது ஒரு உடல்நலக் கேள்வித்தாள் நிரப்பச் சொல்வார்கள். கெட்ட கனவு வருகிறதா, எப்போதும் உஷார் நிலையிலேயே இருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்கும். தம்பி எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டிருந்தான். 'ஆமாம்' போட்டால் வீட்டுக்கு அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் போர்டு அந்தத் தாளை எடுத்து, 'நீங்களே இல்லை என்றுதானே சொன்னீர்கள்' என்று கேட்டுவிடும். அந்தத் தாளை ஒளிக்க முடியாது, அது அவர்கள் கோப்பிலேயே இருக்கிறது. எனவே ஏன் 'இல்லை' போட்டான் என்பதை ஒரு தனிப் பத்தியாக நாங்களே எழுதிவிட்டோம். கூடவே மருத்துவப் பதிவைப் புரட்டியபோது, சிறுநீர்ச் சோதனைக்கு முந்தைய தேதியில், தூக்கமின்மைக்காக சிக் காலுக்கு (ராணுவத்தில் உடம்பு சரியில்லாதவர்கள் மருத்துவரைப் பார்க்கும் நேரம்) போனதாக ஒரு வரி கிடைத்தது. ஒரே வரிதான். மாட்டிக்கொண்ட பிறகு சொல்லும் நோய்க்கும், அதற்கு முன்பே பதிவான நோய்க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு அப்படி ஒரு வரிகூடக் கிடைக்காவிட்டாலும் கைவிடாதீர்கள். வீரரின் சொந்த வாக்குமூலமே போதுமான சான்றாக இருக்கலாம் என்று குறிப்பாணையில் இருக்கிறது. இருந்தாலும் இன்றைய தேதியில் ஒரு உளவியலாளரிடம் மதிப்பீடு வாங்கிவிடுங்கள். 'பிடிஎஸ்டி உள்ளது' என்று மட்டும் எழுதிய கடிதம் அரைக் கடிதம். அது பணிக்காலத்தில் தொடங்கியது, இன்ன நடத்தைக்கு இட்டுச் சென்றது என்பதற்கு அவருடைய கருத்தும் அதில் வேண்டும்.

நான்காவது: மற்றவர்களின் கடிதங்கள்

'நல்ல பையன், கடின உழைப்பாளி' வகைக் கடிதம் பத்து இருந்தாலும் பயன் குறைவு. முன்னால் எப்படி இருந்தான், பின்னால் எப்படி ஆனான் என்று கண்ணால் பார்த்ததை எழுதும் இரண்டு பேர் போதும். கூடப் பணி செய்த ஒருவரும் வீட்டில் ஒருவரும் இருந்தால் நல்லது. எங்கள் அம்மா தமிழில் கைப்பட எழுதினார். அதை அப்படியே வைத்து, ஆங்கில மொழிபெயர்ப்பையும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் இணைத்தோம்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகான வாழ்க்கைக்கும் இடம் கொடுங்கள். பாதுகாப்புத் துறை அதிகாரி வில்கி 2018 ஜூலையில் வெளியிட்ட குறிப்பாணை இதற்கு உதவும். ஹானரபிள் பெற மாசுமருவற்ற பணி தேவையில்லை என்றும், இரண்டாவது வாய்ப்பு தருவது ராணுவ மரபுக்கு ஒத்ததுதான் என்றும் அது சொல்கிறது. படிப்பு, வேலை, சிகிச்சை, போதை இல்லாத காலம் என எதற்குக் காகிதம் இருந்தாலும் இணையுங்கள்.

ஐந்தாவது: கட்டி அனுப்புவது

எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, பக்க எண் போட்டு, முதல் பக்கத்தில் இணைப்புப் பட்டியல் வையுங்கள். நான் லிப்ரேஆபீஸில் எழுதி பிடிஎஃப் ஆக்கினேன். போனில் படம் எடுத்து அனுப்பும் பழக்கம் வேண்டாம். நிழல் விழுந்த மருத்துவப் பதிவை யாரும் சிரமப்பட்டுப் படிக்க மாட்டார்கள். நூலகத்தில் ஸ்கேனர் இருக்கிறது. கடிதத்தில் ஒரு விஷயம் சொன்னால் அடைப்புக்குள் 'இணைப்பு 4, பக்கம் 2' என்று குறியுங்கள். டிடி 293 படிவத்தில் பிடிஎஸ்டி, மூளைக் காயம், பிற மனநலச் சிக்கல் என்று கட்டங்கள் இருக்கும். பொருந்துவதை டிக் செய்ய மறக்காதீர்கள். கையெழுத்தையும்தான். தபாலில் அனுப்பினால் ரசீது வரும் வகையில் அனுப்புங்கள்.

அனுப்பும் முன் பழைய தீர்ப்புகளைப் படியுங்கள். பெயர்களை நீக்கி இணையத்தில் ரீடிங் ரூம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். ஜெயித்த வழக்குகளைவிடத் தோற்றவை எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தன. 'விண்ணப்பதாரர் சான்று எதுவும் தரவில்லை' என்ற வரி எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள்.

ஆறாவது: நேரில் போவதா?

ரிவ்யூ போர்டில் காகிதத்தை மட்டும் பார்க்கச் சொல்லலாம், விசாரணையும் கேட்கலாம். என் கட்சி: முதலில் காகிதம். அதில் தோற்றால் 15 வருடக் கெடுவுக்குள் விசாரணை கேட்கலாம். முதலிலேயே விசாரணை கேட்டுத் தோற்றால் காகிதப் பரிசீலனைக்குத் திரும்ப முடியாது. கெடு முடிய மாதங்களே இருக்கிறது என்றால் மட்டும் நேராக விசாரணை கேளுங்கள். முடிவுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். முகவரி மாறினால் போர்டுக்குத் தெரிவியுங்கள்.

தம்பிக்குக் காகிதத்திலேயே கிடைத்தது. வகை ஹானரபிள், காரணம் 'செக்ரடேரியல் அத்தாரிட்டி', அதாவது தவறு எதையும் குறிப்பிடாத பொதுவான காரணம். மறுசேர்ப்புக் குறியீட்டை மட்டும் மாற்றவில்லை. அவனும் திரும்பச் சேரப் போவதில்லை.

பின்சேர்க்கை 1: வக்கீல் வேண்டுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஜெனரல் டிஸ்சார்ஜ், தெளிவான மனநலத் தொடர்பு என்றால் நீங்களே செய்யலாம். அதர் தேன் ஹானரபிள், கோர்ட் மார்ஷியல் என்றால் ஆள் பிடியுங்கள். ஆயிரக்கணக்கில் கேட்கும் விளம்பரக் கம்பெனிகளுக்கு முன் நேஷனல் வெட்டரன்ஸ் லீகல் சர்வீசஸ் ப்ரோக்ராம், தி வெட்டரன்ஸ் கன்சார்ஷியம், பக்கத்துச் சட்டக் கல்லூரியின் இலவச கிளினிக் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: மாவ்னியில் போனவர்களுக்கு இது முக்கியம். ராணுவப் பணி வழியாகக் குடியுரிமை பெற்றவர், ஐந்து வருட ஹானரபிள் பணி முடியும் முன் அதர் தேன் ஹானரபிள் அல்லது அதற்கும் கீழான டிஸ்சார்ஜில் வெளியேறினால் அந்தக் குடியுரிமையையே ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 'ஜெனரல்' இதில் சேராது. உங்களுடையது அதர் தேன் ஹானரபிள் அல்லது அதற்கும் கீழே என்றால் டிடி 293ஐத் தொடும் முன் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள்.

பின்சேர்க்கை 3: அதர் தேன் ஹானரபிளில் இருக்கும் ஒருவர், போர்டு முடிவு வரும்வரை சிகிச்சைக்கு என்ன செய்வது என்று கேட்டார். வி.ஏ. தனியாக உங்கள் டிஸ்சார்ஜை ஆராய்ந்து, தன் சலுகைகளுக்கு மட்டும் தகுதி உண்டா என்று முடிவு செய்யும். அதனால் டிடி 214 மாறாது, ஆனால் மருத்துவம் கிடைக்கலாம். அந்த விதிகளை 2024இல் தளர்த்தியும் இருக்கிறார்கள். முன்பு மறுக்கப்பட்டவர்களும் திரும்பக் கேட்கலாம். போர்டும் வி.ஏ.யும் வேறு வேறு கதவுகள், இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டலாம்.

பின்சேர்க்கை 4: ரிவ்யூ போர்டில் காகிதம், விசாரணை இரண்டிலும் தோற்றால் அடுத்தது டிடி 149. அங்கேயும் தோற்றால், 2019 டிசம்பர் 20 அன்றோ அதற்குப் பிறகோ டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு மட்டும் டிஸ்சார்ஜ் அப்பீல் ரிவ்யூ போர்டு என்று இன்னொரு படி உண்டு. வீரர் இறந்துவிட்டிருந்தால் மனைவியோ நெருங்கிய வாரிசோ விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றையும் உறவுக்கான சான்றையும் இணைக்க வேண்டும்.