யாழ்ப்பாணத்தில் படவரைஞர் பயிற்சி: பாடநெறி தெரிவதிலிருந்து மேசனின் கைக்குப் படம் போகும்வரை

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், கட்டிடப் படம் வரையப் பழக்கும் படவரைஞர் பாடநெறியில் சேர நினைக்கிறவர்கள், கணினி அறையைப் பார்க்கமுதல் சான்றிதழின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையில் தேசிய தொழிற்தகைமை, எல்லோரும் சொல்லும் பெயரில் என்.வீ.கியூ, 1 முதல் 7 வரை ஏழு மட்டங்கள் கொண்டது. 4 வரை சான்றிதழ், 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு நிகரானது. 4ஆம் மட்டம் கையில் இருந்தால் 5க்கு ஏற வழி இருக்கிறது. "காட் கோர்ஸ்" (கணினியில் படம் வரையும் பாடநெறி) என்று மூன்று மாதத்தில் ஒரு தாளைத் தரும் இடத்திலிருந்து அப்படி ஏற முடியாது.

நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரமங்கீகாரம் பெற்றதா என்பது வேறு கேள்வி. பதிவு இருந்தும் பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் என்.வீ.கியூ சான்றிதழ் கிடைக்காது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அரச பக்கத்தில் யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், பயிலுநர் பயிற்சி தரும் நைற்றா என மூன்று வாசல்கள் உண்டு. எந்த வாசலானாலும் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வரைபலகையில் வேலை, வேலையிடத்தில் பெறும் தொழில்முனைப் பயிற்சிக்கு இடம் தேடித் தருவது நிறுவனமா மாணவரா என்ற இரண்டையும் சேரும்போதே கேளுங்கள். கையால் வரையும் நேரமே இல்லாத பாடநெறியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மொழி பற்றி ஒரு சொல். வகுப்பில் கிடைப்படம் (மேலிருந்து பார்த்தது), நிலைப்படம் (முன்னிருந்து பார்த்தது), வெட்டுமுகம் (வெட்டிப் பார்த்தது), அளவிடை (சுருக்கும் விகிதம்) என்று படிப்பீர்கள். மென்பொருள் ஆங்கிலத்தில் பேசும். காணியில் நிற்கும் மேசன் "பிளான்", "செக்சன்", "லிண்டல்", "பீம்" என்பார். மூன்றையும் ஒரே வரிசையில் எழுதிய சிறு கொப்பி ஒன்றை முதல் நாளிலேயே தொடங்குங்கள். பயிற்சி முடியும்போது அதுவே உங்கள் அகராதியாகிவிடும்.

கருவிகள்

ஏ2 தாள் பிடிக்கும் வரைபலகை, ரீ-சதுரம், 45 பாகையிலும் 30/60 பாகையிலும் இரண்டு மூலைமட்டங்கள், கவராயம், முக்கோண அளவிடைக்கோல், 2 எச், எச், எச்.பி பென்சில்கள், மெல்லிய ஒட்டுநாடா. இவ்வளவும் போதும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறு எதிலும் பிடியுங்கள், மூலைமட்டத்தில் வேண்டாம். கடையிலேயே அதைச் சோதிக்கலாம். ஒரு நேர்விளிம்பின்மேல் வைத்து நிமிர்கோடு போடுங்கள். மட்டத்தை மறுபக்கம் புரட்டி, அதே புள்ளியில் இன்னொரு நிமிர்கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 90 பாகை சரி. மேலே போகப் போக விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. அதை வாங்க வேண்டாம்.

வெயிற்காலத்தில் கை வியர்த்துப் பென்சில் கரி தாள் முழுக்கப் பரவும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள். மேலிருந்து கீழாகவும், வலக்கைக்காரர் இடமிருந்து வலமாகவும் வரையுங்கள். மின்விசிறிக் காற்று தாளைத் தூக்காதபடி நான்கு மூலையிலும் நாடா குறுக்காக ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

தாள் அளவுகள் மனப்பாடமாகட்டும்: ஏ4 210×297, ஏ3 297×420, ஏ2 420×594, ஏ1 594×841, எல்லாம் மி.மீ. ஒவ்வொன்றும் அடுத்த பெரிய தாளின் சரிபாதி.

கோட்டின் தடிப்பும் ஒரு மொழிதான். வெட்டுப்பட்ட சுவர் 0.5 மி.மீ, 1:50 அளவிடையில் 0.7 கூடப் போகலாம். வெட்டுப்படாமல் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு 0.35. அளவுக்கோடும் நிழற்கோடும் 0.18 அல்லது 0.25. எல்லாவற்றையும் ஒரே தடிப்பில் வரைந்தால் எது சுவர், எது நிலத்தில் பதிக்கும் ஓட்டின் கோடு என்று படம் சொல்லாது. புதிய மாணவரின் தாளில் முதலில் கண்ணில் படும் குறை இது.

முதற்கோணமா, மூன்றாம் கோணமா

ஒரு பொருளைப் பல பக்கமிருந்து பார்த்துத் தாளில் வரைவது எறியம். எங்கள் வகுப்பறைகளில் பெரும்பாலும் முதற்கோண எறியம்தான். பொருளின் கிடைப்படம் நிலைப்படத்துக்குக் கீழே வரும். இடப்பக்கத்திலிருந்து பார்த்த தோற்றம் வலப்பக்கத்தில் வரும். அமெரிக்க முறை மூன்றாம் கோணம். அதில் கிடைப்படம் மேலே, இடத்தோற்றம் இடத்திலேயே. இணையத்தில் காணொளி பார்த்துப் பழகுகிறவர்கள் இரண்டையும் ஒரே தாளில் கலந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு காணொளியிலும் தலைப்புக் கட்டத்தில் இருக்கும், எந்த முறை என்று காட்டும் துண்டித்த கூம்பின் குறியைப் பார்த்த பிறகு பென்சிலைத் தொடுங்கள்.

எறியம் பிடிபடவில்லையென்றால் ஒரு சவர்க்காரக் கட்டியைப் படிபோல வெட்டி மேசையில் வைத்து, மூன்று பக்கமும் குனிந்து பார்த்து வரையுங்கள். பத்துக் கட்டி வெட்டினால் மனத்துக்குள் பொருள் சுழலத் தொடங்கும்.

நாற்சார் வீட்டை அளந்து வரைதல்

இந்தத் தொழிலுக்கு யாழ்ப்பாணம் தந்திருக்கும் மிகச் சிறந்த பாடநூல் பழைய நாற்சார் வீடு. நடுவில் முற்றம், நான்கு பக்கமும் விறாந்தை, அதைச் சுற்றி அறைகள், ஓட்டுக் கூரை. உரிமையாளரிடம் அனுமதி கேட்டு ஒரு வீட்டையாவது முழுமையாக அளந்து வரையுங்கள். இடியமுதல் வரைந்துவைத்தால் அந்த வீட்டுக்காரருக்கும் ஒரு பதிவு மிஞ்சும்.

இருவர் போக வேண்டும். 5 மீற்றர் உருக்கு நாடா, 30 மீற்றர் நீள நாடா, ஒரு மட்டப்பலகை, ஏ3 தாள் மாட்டிய பலகை. முதலில் ஒன்றையும் அளக்காமல் வீட்டைச் சுற்றி நடந்து, தாள் நிறையும்படி கைவரைபு போடுங்கள். சின்னதாகப் போட்டால் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். வீட்டுக்கு வந்தபின் 3 எது 8 எது என்று தெரியாது.

ஒரு சுவரில் கதவு, யன்னல் எல்லாவற்றையும் தனித்தனியே அளந்து கூட்டாதீர்கள். ஒரு மூலையில் நாடாவின் பூச்சியத்தை வைத்து, அதை எடுக்காமல் தொடர் அளவாக வாசியுங்கள்: 0, 620, 1520, 2750 மி.மீ என்று. எட்டுத் தனி அளவுகளில் ஒவ்வொன்றும் 5 மி.மீ பிசகி, எல்லாம் ஒரே பக்கமாகப் பிசகினால் முடிவில் 40 மி.மீ. தொடர் அளவில் ஒரு வாசிப்பின் பிழை அடுத்ததற்குப் போகாது.

பழைய அறை எதுவும் செங்கோணம் என்று நம்பக் கூடாது. இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். 3600க்கு 4500 அறையின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் இரண்டும் 5763 காட்டும். ஒன்று 5790, மற்றது 5735 என்றால் அறை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடேயே வரைய வேண்டும். நேராக்கி வரைந்தால் அடுத்த அறை எங்கோ போய் முட்டும்.

சுவரின் தடிப்பைக் கதவு வாசலில் அளவுங்கள். இன்றைய 6 அங்குலச் சீமெந்துக் கல் ஏறத்தாழ 150 மி.மீ, இருபக்கப் பூச்சோடு 175 வரும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் அதைவிட நன்றாகவே தடிக்கும், ஒரே வீட்டில் சுவருக்குச் சுவர் மாறவும் செய்யும். பிறகு வெளியளவோடு சரிபாருங்கள். உள்ளே 3600, 3000 என இரண்டு அறைகள், 175இல் மூன்று சுவர்கள்; கூட்டினால் 7125. வெளியே நாடா 7160 காட்டினால் 35 மி.மீ எங்கோ தொலைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடாதீர்கள். இரண்டாந்தரம் போய்க் கதவைத் தட்டுவதைவிட அரை மணித்தியாலம் கூட நிற்பது நல்லது.

கூரைச் சரிவுக்கு மட்டப்பலகையைக் கிடையாகப் பிடித்து, கைமரம் தொடும் இடத்திலிருந்து 1000 மி.மீ கிடையாகப் போய், அங்கிருந்து கைமரம் வரை எவ்வளவு உயரம் என்று அளந்தால் போதும். 500 வந்தால் சரிவு 26.6 பாகை. அன்றிரவே தாளில் ஏற்றுங்கள். மூன்று நாள் கழிந்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு விளங்காது.

காணி, கிணறு, குழி

காணி உறுதியில் பரப்பு, குழி என்ற நில அளவுகள் இருக்கும். நில அளவைப் படத்தில் பேர்ச்சோ ஹெக்ரெயரோ இருக்கும். நீங்கள் வரைவது மீற்றரில். 1 பரப்பு 18 குழி, 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 16 பரப்பு ஓர் ஏக்கர். வயற்காணி உறுதியில் வரும் நெல் லாச்சத்தின் அளவு வேறு, இதோடு கலக்கக் கூடாது. கணக்குப் போட்டு வரும் பரப்பளவும் எல்லைக் கோடுகளைப் பூட்டி வரைந்தபின் வரும் பரப்பளவும் பொருந்தாவிட்டால், வீட்டை வரையத் தொடங்கமுதல் நில அளவையாளரிடம் போக வேண்டும்.

கிடைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே ஒரு படத்தின் தலையெழுத்து கிணற்றிலும் மலசலகூடக் குழியிலும்தான். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் நீர் வேகமாக ஓடும். மண் வடிகட்டுவதுபோல அது வடிகட்டாது. குழியில் விட்ட கழிவு கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. ஆகவே காணிப் படத்தில் உங்கள் கிணற்றை மட்டுமல்ல, நான்கு அயற்காணிக் கிணறுகளையும் குழிகளையும் அளந்து குறியுங்கள். ஈசான மூலையில் கிணறு வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்வார். தென்மேற்கு மூலையில் குழி என்று நீங்கள் போடுவீர்கள். ஆனால் அந்தத் தென்மேற்கு மூலையே மூலைக்கு மூலை தொடும் காணிக்காரருக்கு ஈசானம். அவருடைய கிணறு மதிலுக்கு அடுத்த பக்கம் இருக்கும். 12.5க்கு 20 மீற்றர் ஒரு பரப்புக் காணியில் மூலைக்கு மூலையே 23.6 மீற்றர்தான். கேட்கப்படும் தூரத்தைப் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முதலே கேட்டு, அந்த ஆரையில் ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி வட்டம் போடுங்கள். வட்டங்கள் தொடாமல் மிஞ்சும் இடத்தில்தான் குழி. அதற்குப் பிறகே வீடு.

படிக்கட்டு

தளத்துக்குத் தளம் 3000 என்றால் 18 ஏற்றம், ஒவ்வொன்றும் 166.7. மிதி, அதாவது கால் வைக்கும் அகலம், 280 வைத்தால் இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் சேர்ந்து 613. 600க்கும் 640க்கும் இடையில் இருந்தால் கால் சோராது. மேல்தளமே கடைசி மிதியாகிவிடுவதால் மிதிகள் 17, படிக்கட்டின் கிடை நீளமான ஓட்டம் 4760. இங்கே 18 மிதி போட்டு விறாந்தையில் 280 மி.மீ தின்றுவிடுவது மிகச் சாதாரணமான பிழை.

கணினிக்கு வரும்போது

காட் மென்பொருளான ஓட்டோகாட்டைத் தயாரிக்கும் ஓட்டோடெஸ்க், மாணவருக்கு ஓராண்டு அனுமதியை இலவசமாகத் தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். கூலிக்கு வரையும் வேலைக்கு அதைப் பாவிக்கக் கூடாது. உருளையுள்ள மவுஸ் கட்டாயம். மடிக்கணினியின் தொடுபலகையில் பழகினால் வேகம் ஒருநாளும் வராது.

எதையும் உண்மை அளவிலேயே வரையுங்கள், 3600 என்றால் 3600. அளவிடை அச்சில்தான் வரும். இதனால் எழுத்தின் உயரம் எல்லோரையும் குழப்பும்: தாளில் 2.5 மி.மீ எழுத்து வேண்டுமென்றால் 1:100 படத்தில் அது 250, 1:50இல் 125. வேறொருவரின் கோப்பைக் கொண்டுவந்து போட்டதும் கதவு வீட்டைவிடப் பெரிதாகத் தெரிந்தால், அது மி.மீட்டரில் வரைந்து அலகை அங்குலம் என்று விட்ட கோப்பு, மென்பொருள் 25.4ஆல் பெருக்கிவிட்டது. அலகு அமைப்பைப் பாருங்கள். இழுத்துச் சுருக்கிச் சமாளிக்காதீர்கள். மின்வெட்டை நினைத்துத் தன்னியக்கச் சேமிப்பை 5 நிமிடமாக வையுங்கள்.

அச்சிடும்போது "தாளுக்குப் பொருத்து" என்ற தெரிவை நீக்குங்கள். அச்செடுத்த தாளை அடிமட்டத்தால் அளவுங்கள்: 1:100இல் 5 மீற்றர்ச் சுவர் சரியாக 50 மி.மீ. 48 காட்டினால் அந்தத் தாள் குப்பைக்கு. கடையில் நகலெடுக்கும்போதும் சுருங்கலாம் என்பதால் ஒவ்வொரு தாளிலும் ஓர் அளவிடைக் கோடு போட்டுவையுங்கள்.

தொழில்முனைப் பயிற்சிக்குப் போகும்போது

ஒரு கோப்பில் ஆறு தாள் போதும்: கையால் வரைந்த எறியம் ஒன்று, நாற்சார் வீட்டின் கிடைப்படமும் வெட்டுமுகமும், காணிப் படம், படிக்கட்டு விவரம், கணினியில் வரைந்த ஒரு முழு வீடு. அளந்தபோது எழுதிய அழுக்குத் தாளையும் பின்னால் சேருங்கள். தொழில் தெரிந்த பொறியியலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

பயிற்சிக் காலத்தில் கந்தோரிலேயே இருந்துவிடாமல் கிழமைக்கு ஒரு தடவையாவது வேலை நடக்கும் காணிக்குப் போக அனுமதி கேளுங்கள். மேசனின் நாடாவில் அடியும் அங்குலமும்தான். நீங்கள் 900 என்று எழுதிய கதவை அவர் 3 அடியாக, 914ஆக விடுவார். 14 மி.மீ சுவரில் தெரியாது. செய்துவைத்த கதவுநிலையில் தெரியும். முக்கியமான அளவுகளுக்குப் பக்கத்தில் அடியையும் எழுதுங்கள். அளவை ஒரே இடத்தில் எழுதுங்கள். கிடைப்படத்தில் ஒன்று, வெட்டுமுகத்தில் இன்னொன்று என்று இருந்தால் கொந்துராத்துக்காரர் தனக்கு மலிவானதை எடுப்பார்.

அனுமதிக்குப் போகும் படத்தில் யார் கையொப்பமிடலாம் என்பதை உள்ளூராட்சி சபையில் கேட்டு அதன்படி நடவுங்கள். திருத்தம் செய்யும் ஒவ்வொரு தடவையும் தலைப்புக் கட்டத்தில் திருத்த எண்ணும் திகதியும் ஏற வேண்டும். புதிய தாளைக் காணியில் கொடுக்கும்போது பழைய தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டே வாருங்கள். வாங்காமல் வந்தால், சீமெந்துப் பையின்மேல் கல் வைத்து விரித்திருப்பது பழைய படமாகத்தான் இருக்கும்.