கமாவா, ஜாயினா? பழைய எஸ்கியூஎல் க்வெரியை மாற்றி எழுதுவோம்

பழைய ப்ராஜெக்ட் எதையாவது திறந்து, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்கியூஎல் கட்டளையை (க்வெரி) பார்த்தால், ஃப்ரம்முக்குப் பின்னால் நாலைந்து டேபிள்கள் கமா போட்டு வரிசையாக நிற்கும். ஜாயின், ஆன் என்று பிரித்து எழுதும் முறை 1992-இல் வந்த எஸ்கியூஎல் தரத்தில் சேர்ந்தது. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு அது 9ஐ (9i) பதிப்பில்தான் வந்தது. அதனால் கமாவுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

(கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஓட்டிப் பார்க்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

படி 1: பழையதைப் படியுங்கள்

செலக்ட் மா.பெயர், க.தொகை
ஃப்ரம் மாணவர் மா, கட்டணம் க
வேர் மா.எண் = க.மாணவர்_எண்
அண்ட் க.மாதம் = 3;

மா, க இரண்டும் டேபிள்களுக்கு வைத்த சுருக்கப் பெயர்கள். டேபிள்களை இணைக்கும் நிபந்தனையும் மார்ச் மாத வடிகட்டலும் 'வேர்' பகுதியில் ஒன்றாகக் கிடக்கின்றன.

படி 2: இணைப்பு நிபந்தனையை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்

300 மாணவர்கள், மார்ச்சில் 280 ரசீதுகள் என்றால் 84,000 வரிகள் வந்து கொட்டும். எரர் எதுவும் வராது. நானும் ஒருமுறை இப்படி விட்டுவிட்டு, மொத்தத் தொகை கோடியில் வந்த பிறகுதான் முழித்துக்கொண்டேன்.

படி 3: மாற்றி எழுதுங்கள்

ஃப்ரம் மாணவர் மா
ஜாயின் கட்டணம் க ஆன் மா.எண் = க.மாணவர்_எண்
வேர் க.மாதம் = 3;

(செலக்ட் வரி அப்படியே இருக்கட்டும்.) இப்போது 'ஆன்' விட்டுப்போனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அங்கேயே நிறுத்திவிடும். ஆனால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் கண்டுகொள்ளாது. வேகம் கூடுமா என்றால், பொதுவாகக் கூடாது. க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 4: கட்டாதவர்களும் வேண்டுமா?

லெஃப்ட் ஜாயின் போடுங்கள்; ரசீது இல்லாவிட்டாலும் இடப்பக்க டேபிளின் மாணவர்கள் எல்லோரும் வருவார்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். மாத நிபந்தனையை 'வேர்' பகுதியிலேயே விட்டால், கட்டாதவர்கள் காணாமல் போவார்கள். ஒரு ரசீதும் இல்லாதவர்களுக்கு மாதம் 'நல்' (NULL, மதிப்பே இல்லை) என்று வரும், 'நல்' எப்போதும் 3-க்குச் சமமாகாது; வேறு மாதம் மட்டும் கட்டியவர்களுக்கும் மாதம் 3 ஆகாது. மாத நிபந்தனையை 'ஆன்' பக்கம் நகர்த்துங்கள்:

லெஃப்ட் ஜாயின் கட்டணம் க
ஆன் மா.எண் = க.மாணவர்_எண் அண்ட் க.மாதம் = 3

பழைய ஆரக்கிள் க்வெரிகளில் இதற்கு அடைப்புக்குறிக்குள் கூட்டல் குறி இருக்கும். எஸ்கியூஎல் சர்வரில் நட்சத்திரமும் சமக்குறியும் சேர்த்துப் போடுவார்கள். 2012 பதிப்பிலிருந்து அது ஓடவே ஓடாது.

படி 5: பாதி மாற்றி விடாதீர்கள்

ஃப்ரம் அ, ஆ ஜாயின் இ ஆன் அ.எண் = இ.எண்

மைஎஸ்கியூஎல் 5.0.12 முதல் கமாவைவிட ஜாயினுக்கே முன்னுரிமை. ஆ, இ இரண்டும் முதலில் சேர்ந்துவிடுவதால் 'அ.எண்' என்ற நெடுவரிசையே (column) தெரியாது என்று எரர் வரும். அந்தக் கமாவையும் ஜாயினாக மாற்றினால் ஓடும்.