வயதான நாய்க்கு மூட்டுவலியா? முதலில் வீட்டுத் தரையைப் பாருங்கள்

"வயசாயிட்டுல்லா, இனி அப்படித்தான் கெடக்கும்" என்று சொல்லி நாயைத் திண்ணையில் விட்டுவிடுவது நம்ம ஊர் வழக்கம். சிப்பிப்பாறையோ கன்னியோ, லாப்ரடாரோ, தெருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாயோ, எட்டு ஒன்பது வயது தாண்டினால் இந்தப் பேச்சு வந்துவிடும். ஆனால் அது படுத்தே கிடப்பதற்கு வயசு மட்டும் காரணமாக இருக்காது, வலியாகவும் இருக்கலாம். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான், திரும்ப வராது. வலியைக் குறைக்க மட்டும் நிறையவே செய்யலாம், அதில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே செய்கிற வேலை.

வலித்தால் நாய் கத்தும் என்று காத்திருக்காதீர்கள், பெரும்பாலும் கத்தாது. காலையில் முன்னங்காலை ஊன்றி, இடுப்பைத் தூக்க முடியாமல் ஒரு தடவை உட்கார்ந்து, மறுபடி எழுந்து, விறைப்பாக நாலு எட்டு வைத்து, தெருமுனை போவதற்குள் கொஞ்சம் சரியாகிவிடுகிறதா? மூட்டுத் தேய்மானத்தின் நடை அதுதான். மாடிப்படி பக்கம் வராமல் கீழேயே நிற்பது, ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவுவது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருப்பது, காலைத் தூக்கி ஒன்றுக்குப் போன ஆண் நாய் அதை விட்டுவிடுவது, பிள்ளைகள் இடுப்பைத் தொட்டால் உறுமுவது எல்லாமே இதற்கான அறிகுறிகள். பின்தொடையைக் கையால் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் சதை வற்றியிருந்தால் அந்தக் காலை அது கொஞ்ச காலமாகவே ஊன்றாமல் ஒதுக்கி வருகிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாட்டாஸ்பத்திரி வாசலில் மற்ற நாய்களைக் கண்டதும் பயத்திலும் பரபரப்பிலும் ஒன்றும் இல்லாதது போல நிமிர்ந்து நடக்கும், நீங்கள்தான் பொய் சொன்னவர் மாதிரி நிற்பீர்கள். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலி பக்கத்தில் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நொண்டுவதெல்லாம் தேய்மானமும் இல்லை. நம்ம பக்கம் உண்ணிக் கடி சர்வ சாதாரணம், உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலித்து நாய் நொண்டும், அதற்கு மருந்தே வேறு. நேற்று வரை நன்றாக நடந்த நாய் திடீரென்று பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தால் அது முதுகுத்தண்டுக் கோளாறாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மெடிக்கல் அண்ணாச்சி நல்ல மனுஷராகவே இருக்கட்டும், "ஒரு பாதி மாத்திரை பொடிச்சுக் குடுங்க, கேட்டுரும்" என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். பாரசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறாக்கள் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். நாய்களுக்கென்று மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் இருக்கின்றன, எடை பார்த்து, முடிந்தால் ரத்தப் பரிசோதனையும் செய்து டாக்டர் எழுதித் தர வேண்டியவை அவை. சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டில் வாய் வைக்காவிட்டாலோ, கறுப்பாக வெளிக்குப் போனாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். யாராவது ஊசி போட்டு, நாய் அன்றைக்கே துள்ளி ஓடியது என்றால் அந்த ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால் அதோடு இந்த மாத்திரைகளைச் சேர்க்கக் கூடாது, அடுத்து பார்க்கிற டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

சரி, தரைக்கு வருவோம். மண் தரையும் சிமெண்ட் தரையுமாக இருந்த வீடுகளில் இப்போது டைல்ஸும் கிரானைட்டும். நமக்குப் பார்க்க அழகாக இருக்கிறது, மூட்டு வலிக்கிற நாய்க்கு அது பாசி படிந்த படித்துறைதான். எழும்போது பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விலகிப் போகும், அதைத் தடுக்க இடுப்பை இறுக்கும், இறுக்கினால் வலிக்கும், நாளடைவில் எழுந்திருப்பதையே குறைத்துக்கொள்ளும். வீடு முழுக்க விரிக்க வேண்டாம். படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கு, அங்கிருந்து புறவாசலுக்கு என்று அது தினமும் போகிற தடத்தில் மட்டும் ரப்பர் மேட்டோ பழைய யோகா மேட்டோ போட்டு, ஓரத்தை டேப் வைத்து ஒட்டிவிடுங்கள். பாய் விரித்தால் போதாதா என்று தோன்றும். கோரைப்பாய் டைல்ஸ் மேல் நாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், பத்தமடைப் பாயென்றால் உங்களுக்கே வயிறு எரியும். சோத்துச் சட்டிக்கு அடியிலும் ஒரு துண்டு மேட் வேண்டும், குனிய முடியாத நாய்க்குச் சட்டியை ஒரு பலகை மேல் ஏற்றி வையுங்கள்.

நகத்தையும் பாருங்கள். தரையில் நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால் நீளம் அதிகம், பாதம் ஒழுங்காக ஊன்றாது. கறுப்பு நகத்தில் ரத்தக் குழாய் எங்கே முடிகிறது என்று தெரியாது, நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், பயமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் வெட்டிவிடுவார்கள். வாசல்படிக்குப் பலகையைச் சாய்த்து வைத்து அதன் மேல் தென்னைநார் மிதியடியை ஆணி வெளியே துருத்தாமல் அடித்துவிட்டால் சாய்தளம் தயார். படியின் உயரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளம் இருக்கட்டும், செங்குத்தாக வைத்தால் எந்த நாயும் ஏறாது.

எடை விஷயத்தில் நாம்தான் குற்றவாளிகள். விலாவில் கை வைத்து லேசாகத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் நாய் குண்டு. லாப்ரடார் குட்டிகளைப் பிரித்து ஒரு பாதிக்குக் கால் பங்கு தீனியைக் குறைத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. சோற்றைக் குறைத்து, வேகவைத்த கோழிக்கறி, முட்டை, பூசணி, பீன்ஸ் என்று மாற்றுங்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு வேண்டாம். விருந்தாளி வாங்கி வந்த அல்வாவில் ஒரு விள்ளல் கொடுத்தால் என்ன என்று ஆச்சி கேட்பார்கள், அவர்களையும் கொஞ்சம் சமாளிக்க வேண்டும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ஒட்டிய உடம்புதான் இயல்பு, எலும்பு தெரிகிறதே என்று பரிதாபப்பட்டு ஊட்டி வளர்க்காதீர்கள். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 மூட்டு வீக்கத்துக்கு நல்லது. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உப்பு, மசாலா இல்லாமல் அவித்து முள் எடுத்த சாளை மீனும் அவ்வப்போது கொடுக்கலாம். மூட்டுக்கு நல்லது என்று விற்கிற குளுக்கோசமைன் மாத்திரையைப் பொறுத்தவரை ஆதாரம் வலுவாக இல்லை, காசு இருந்தால் பாருங்கள்.

நடக்க விடாமல் கட்டிப்போட்டால் சதை வற்றி இன்னும் மோசமாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடுவதும் கெடுதல்தான். தினமும் இரண்டு மூன்று முறை, தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், மண் பாதையில், அதன் வேகத்துக்கு நடத்துங்கள். பந்து எறிந்து தாவிப் பிடிக்க வைப்பது இனி வேண்டாம். சித்திரை வைகாசி வெயிலில் விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும்தான் போக வேண்டும், தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. வாய்க்காலிலோ தாமிரபரணியிலோ நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தால் உடம்பின் பாரம் குறைந்து மூட்டுக்கு இதமாக இருக்கும். ஆனால் இழுப்பு இல்லாத, மணல் தரையுள்ள இடமாகப் பார்த்து, கயிறு உங்கள் கையில் இருக்க, நீங்களும் கூடவே இறங்குங்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாளில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம்.

தென்காசிப் பக்கம் சாரல் நாட்களிலும், மார்கழிக் குளிரிலும் தரையில் படுக்க விடாதீர்கள். இலவம்பஞ்சோ தென்னைநாரோ, அழுத்தினால் தரை தட்டாத கனத்தில் மெத்தை போடுங்கள், சதைப்பற்று இல்லாத நாய்க்கு முழங்கை உரசி உரசிப் புண்ணாகிவிடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மூட்டில் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம், மூட்டு வீங்கிக் கொதித்தால் வேண்டாம். நமக்குத் தேய்க்கிற கற்பூரத் தைலம், வலி களிம்பு எதையும் தேய்க்காதீர்கள், நக்கி விழுங்கிவிடும்.

எழவே சிரமப்பட்டால் நீளமான துண்டை அடிவயிற்றின் கீழ், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேல் பிடித்து இடுப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள், தூக்க வேண்டாம், தாங்கினால் போதும். ஆண் நாய்க்கு ஒன்றுக்குப் போகிற இடத்தைத் துண்டு அழுத்தாமல் பாருங்கள். எக்ஸெல் வண்டியில் முன்னால் ஏற்றிப் போகிறவர்கள் அதைத் தாவி ஏறவும் குதித்து இறங்கவும் விடாமல், ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்தொடைக்குப் பின்னாலும் கொடுத்து ஒரே மட்டமாகத் தூக்கி வையுங்கள். கனமான நாயென்றால் ஆட்டோ பிடிப்பதுதான் உங்கள் இடுப்புக்கும் நல்லது.