ஹெபடைடிஸ் பி ரத்த அறிக்கையை வாசிப்பது எப்படி?

வேலூர் ஆய்வகங்களில் ஹெபடைடிஸ் பி அறிக்கையை வாங்குகிறவர்களில் பலர், பாசிட்டிவா நெகட்டிவா என்று மட்டும் பார்த்துவிட்டு அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். கல்லீரல் செல்லுக்குள் வைரஸ் என்ன செய்கிறது என்று தெரிந்தால், அறிக்கையின் ஒவ்வொரு வரியும் விளங்கும்.

அறிக்கையில் இடம்பெறாத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். பித்த உப்புகளை உள்ளிழுப்பதற்காகக் கல்லீரல் செல் வைத்திருக்கும் என்டிசிபி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு நுழையும் வைரஸ், தன் முழுமையடையாத வட்ட டிஎன்ஏவை உட்கருவுக்குள் சேர்க்கிறது. அங்கே நம் டிஎன்ஏவின் பழுதைச் சரிசெய்யும் நொதிகளே அதன் இடைவெளிகளையும் நிரப்பி முழு வட்டமாக்கித் தருகின்றன. சிசிசிடிஎன்ஏ எனப்படும் அந்த வட்டத்திலிருந்து ஆர்என்ஏ நகல் எடுப்பது செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 என்ற நொதி. அதைப் படித்துப் புரதம் செய்வது செல்லின் ரைபோசோம். சுமார் 3,200 எழுத்துகளே கொண்ட வைரஸின் மரபணுத் தொகுதி, இவற்றையெல்லாம் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது.

எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். செல் இதை அளவுக்கு மீறிச் செய்து, மரபணு இல்லாத வெற்று உருண்டைகளாகவும் ரத்தத்தில் விடுவதால், வைரஸ் குறைவாக உள்ளபோதும் இவ்வரி பாசிட்டிவாகவே இருக்கக்கூடும். 6 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தொற்று. எச்பிஇஏஜி என்பது வைரஸின் இன்னொரு புரதம்; அது பாசிட்டிவ் என்றால் பொதுவாகப் பெருக்கம் மும்முரமாக நடக்கிறது என்று பொருள். அது நெகட்டிவ் என்பதற்காக நிம்மதி அடைந்துவிடலாகாது, ஏனெனில் அப்புரதத்தைச் செய்யாமலே பெருகும் திரிபுகள் உண்டு. ரத்தத்திலுள்ள வைரஸின் அளவைக் காட்டும் எச்பிவி டிஎன்ஏ அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எஸ்ஜிபிடி வைரஸின் அளவைக் காட்டுவதன்று. தொற்றிய செல்களை நம் நோயெதிர்ப்பு அணுக்கள் தாக்கும்போது கசியும் நொதி அது. ஆகவே வைரஸ் மிகுந்திருந்தும் எஸ்ஜிபிடி இயல்பாக இருக்கலாம்.

டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள், ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ செய்யும் வைரஸின் சொந்த நொதியைத் தடுக்கின்றன. டிஎன்ஏ அளவு கண்டறிய இயலாதபடி குறைந்தாலும் உட்கருவிலுள்ள வட்டம் அழிவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

வட ஆற்காட்டு ஊர்களில் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்குவார்கள். காமாலை தரும் வேறொரு வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே தணிவதால் அந்தப் பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. நாள்பட்ட பி தொற்றில் அதனால் பலன் உண்டென்று சென்னை ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட முடிவைப் பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அதைக் குடித்தபின் கண்ணின் மஞ்சள் தெளிந்ததா என்று பார்ப்பதைவிட, அடுத்த டிஎன்ஏ பரிசோதனையைத் தவறவிடாமல் எடுத்து, பழைய அறிக்கைகளையும் மருத்துவரிடம் கொண்டுசெல்வதே பயன்தரும்.