குமரி மாவட்டத்தில் பழைய புத்தகம், ஆதாரம் (சொத்துப் பத்திரம்), ஓலை சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

நாகம் ஐயா எழுதி 1906ல் மூன்று தொகுதிகளாக வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் என்ற சமஸ்தான விவர நூலின் முதல் பதிப்பை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். சங்குண்ணி மேனோனின் 1878 வரலாறு, சாமுவேல் மேட்டீரின் 1871, 1883 புத்தகங்கள், வேலுப்பிள்ளையின் 1940 மானுவல் எல்லாம் நல்ல புத்தகங்கள்தான், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இவை ஸ்கேன் ஆகி இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, பெரிய நூலகங்களிலும் இருக்கின்றன. படிப்பதற்கென்றால் இறக்கிப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் பணமும் அலைச்சலும் போக வேண்டிய இடம் வேறு. 1956 நவம்பர் 1ஆம் தேதி மதராஸ் மாநிலத்தோடு சேருவதற்கு முன்னால், திருவிதாங்கூர் பக்கம் இருந்த காலத்தில், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாக்களிலும் சாதாரண ஜனங்கள் கையில் புழங்கிய தாள்கள் இருக்கின்றனவே, ஒற்றி ஆதாரம், அஞ்சல் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சபை அறிக்கை, கல்யாணக் கடிதம், தேர்தல் துண்டுப்பிரசுரம், அவைதான் வேறு எங்கும் இல்லாதவை, அவைதான் எடைக்குப் போய்க்கொண்டும் இருக்கின்றன.

ஒற்றைத் தாளுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்கக் கதை. 1776 ஜூலை 4 இரவு பிலடெல்பியாவில் ஜான் டன்லப் என்ற அச்சுக்காரர் அவசரம் அவசரமாக அடித்த சுதந்திரப் பிரகடனம் வெறும் ஒரு பக்க நோட்டீஸ்தான். இன்றைக்கு இருப்பதாகத் தெரிந்த பிரதிகள் 26. அதில் ஒன்று 1989ல் பென்சில்வேனியாவில் ஒரு பழைய பொருள் சந்தையில் ஒருவர் 4 டாலருக்கு வாங்கிய படச் சட்டத்துக்குப் பின்னால் மடித்துக் கிடந்தது, 1991ல் ஏலத்தில் 24 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. நம்மூரில் அந்த மாதிரிப் பணம் கிடைக்காது, அந்த நினைப்போடு இறங்கவும் வேண்டாம். ஆனால் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடையில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டை ஒட்டி அச்சான ஒரு நோட்டீஸ் கிடைத்தால், அந்த வாரம் இங்கே ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு அது நேர்சாட்சி.

எங்கே தேடுவது? பழைய பேப்பர் கடைக்காரரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். வீடு இடிக்கிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் போடும் மூட்டை அங்கேதான் வரும், மாலைக்குள் லாரி ஏறிவிடும் என்பதால் உங்கள் நம்பர் அவர் போனில் இருக்க வேண்டும். அப்புறம் பழைய வீடுகள். தேரூர், சுசீந்திரம், வடிவீஸ்வரம், கோட்டாறு, தக்கலை பக்கம் மச்சு வைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. நேராகப் போய் "விலைக்குத் தருவீங்களா" என்று கேட்டால் கதவு சாத்தப்படும். தெரிந்த ஒருவரோடு போய், உட்கார்ந்து, ஊர் கதை பேசிவிட்டு, "பாட்டா, மச்சுல பழைய ஓலை, கடலாசு ஏதாச்சும் கெடக்கா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் செதலு தின்னாச்சு மக்கா" என்பதுதான் வழக்கமான பதில். அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது முறை போகும்போது ஒரு தகரப்பெட்டி கீழே இறங்கியிருக்கும்.

மிஷன் சம்பந்தப்பட்டவை தனி வளம். லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே 1806ல் மயிலாடிக்கு வந்தார், அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் 1820ஐ ஒட்டி நாகர்கோவிலில் அச்சுக்கூடம் வைத்தார், நெய்யூரில் 1838ல் மருத்துவப் பணி தொடங்கியது. இவர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இங்கே உபதேசியார் வீட்டிலும் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலும் தங்கிப்போன தமிழ்த் துண்டுப்பிரதி, ஞாயிறுப்பள்ளிப் பாடம், வரவு செலவு நோட்டு, இவற்றைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். அஞ்சல் உறைகளும் அப்படியே. திருவிதாங்கூர் அஞ்சல் 1888ல் சமஸ்தானச் சின்னமான சங்கு போட்ட தபால்தலை விட்டு, 1951ல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. தபால்தலை சேர்ப்பவர்களுக்கு உறையும் முத்திரையும்தான் கண்ணில் படும், உள்ளே இருக்கும் கடிதம் உங்களுக்கு. பல நேரம் அதைச் சும்மாவே தந்துவிடுவார்கள்.

கையில் ஒன்று வந்ததும் அதன் வயசைக் கண்டுபிடிப்பதுதான் இதில் ருசியான வேலை. ஒரு ஆதாரத்தை வைத்துச் சொல்கிறேன். மேலே சங்கு முத்திரை போட்ட முத்திரைத்தாள், எழுத்து மலையாளம், எழுதிக்கொடுத்தவரும் வாங்கியவரும் தமிழர்கள். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, சர்க்கார் மொழி அதுதான், அதனால் மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கவாவது பழகிக்கொள்ளுங்கள், ஒரு மாதம் உட்கார்ந்தால் வரும். தேதி 1087 மகரம். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது சிங்கத்தில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. மகரம் என்றால் தை, ஆக 1912. மார்கழியில் மட்டும் கவனம், பாதி மாதம் டிசம்பரிலும் பாதி ஜனவரியிலும் விழும். 99 வெள்ளம் என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கணக்கில்தான், 1099 கர்க்கடகம், அதாவது ஆடி, 1924 ஜூலை. தொகை பணம், சக்கரம் என்று இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம் என்பதால் எந்த ரூபாய் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் அச்சுப் புத்தகத்தில் கொல்லம் ஆண்டு இல்லாமல் 'சித்திரபானு வருஷம்' என்று மட்டும் போட்டிருந்தால் அது 1882ஆகவும் இருக்கலாம், 1942ஆகவும் இருக்கலாம், 60 வருஷச் சுழற்சி அப்படி. அச்சுக்கூடத்தின் பெயர், விலை, தாள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். வளைந்த பழைய 'லை', 'னை' இருக்கிறது, அதனால் நூறு வருஷம் என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததே 1978ல்தான். புள்ளி இல்லாத மெய்யெழுத்து, குறில் நெடில் பிரிக்காத எகர ஒகரம், இடம் விடாமல் ஓடும் வரி, இவை இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதி என்று சந்தேகப்படலாம்.

தாள் விஷயத்தில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள். மஞ்சளாகி உடைகிறது, அதனால் பழசு என்பது தப்பு. 1840 வாக்கில் வந்த தாள் துணிக்கந்தலில் செய்தது, இன்றைக்கும் மடித்தால் மடியும். மரக்கூழில் செய்த பிற்காலத் தாளில் அமிலம் இருப்பதால் தானாகவே வெந்துபோகும், அதிலும் உலகப்போர் நாட்களில் அச்சானவை விரல் பட்டாலே ஓரம் உதிரும். ஆகவே உங்கள் சேகரிப்பில் முதலில் போட்டோ எடுக்க வேண்டியவை 1940களின் பிரசுரங்கள், 1840களின் புத்தகங்கள் காத்திருக்கும்.

மறுபதிப்பைப் பழசென்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. மேட்டீர், மேனோன் எல்லாம் பின்னால் தில்லியில் பழைய முகப்போடு அப்படியே படமெடுத்து அச்சிடப்பட்டிருக்கின்றன, முகப்புப் பக்கத்தில் 1883 என்றுதான் இருக்கும். பக்கத்தைத் திருப்பி பின்பக்கம் விரல் நுனியால் தடவுங்கள். ஈய எழுத்தில் அச்சானதென்றால் அழுத்தம் லேசாகத் தட்டுப்படும், ஆப்செட் வழவழவென்று இருக்கும். பக்க எண்ணை ஒவ்வொன்றாகப் பாருங்கள், படங்களின் பட்டியல் இருந்தால் அதை வைத்துப் படங்களை எண்ணுங்கள், வரைபடம்தான் முதலில் காணாமல் போகும். புதிய பைண்டிங் பளபளப்பாக இருந்தால் ஓரத்தை வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய சொந்தக்காரர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு பாதியில் அறுந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இனி வாங்கக்கூடாதவை. ஒரு வீட்டில் நிலத்துக்கு மூல ஆதாரமாக இருப்பதை எக்காரணம் கொண்டும் எடுத்து வராதீர்கள், நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது அது இல்லாமல் அந்தக் குடும்பம் அல்லாடும். படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். நீதிமன்றம், தாலுகா ஆபீஸ், கோயில், நூலகம் இவற்றின் முத்திரை உள்ள தாள் வெளியே வந்தது எப்படி என்று சொல்ல முடியாவிட்டால் தொடாதீர்கள். அய்யாவழிக்காரர்களின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை 1841ல் எழுதப்பட்டு 1939ல்தான் அச்சேறியது, இடையில் நூறு வருஷம் ஓலையிலும் கையெழுத்திலும் வாழ்ந்தது. அப்படி ஒரு பிரதி ஒரு வீட்டில் பூஜையில் இருந்தால் விலை பேசுவது அசிங்கம். சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 வருஷத்தைத் தாண்டினால் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரமாகச் செய்ய உரிமம் வேண்டும், படம் வரைந்த ஓலைச்சுவடி என்றால் பதிவும் செய்ய வேண்டும். துபாயில் இருக்கும் மச்சானுக்கு ஒரு ஓலை பார்சல் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் இதை இன்னொரு தடவை படியுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் கறாராக இருப்பது ஒரு துண்டுச் சீட்டு விஷயத்தில். எந்த ஊர், எந்த வீடு அல்லது கடை, என்றைக்கு, எந்தக் கட்டில் எதோடு சேர்ந்து இருந்தது என்று தனித் தாளில் பென்சிலால் எழுதி அதோடு வையுங்கள். ஆவணத்தின் மேல் எழுத வேண்டாம், பேனா கிட்டேயே வரக்கூடாது. கட்டைப் பிரித்து நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுவது சுலபம், ஆனால் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை யோசித்துப் பாருங்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவனப்படுத்திய அந்த ஓலைகளிலிருந்துதான் நாஞ்சில் நாட்டு வரி, கடன், அடிமை விற்பனை எல்லாம் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்தது 1855ல், அதற்கு முந்தைய ஒரு விலையோலை தனியாக ஏலத்துக்கு வந்தால் வேடிக்கைப் பொருள். அதே வீட்டின் மற்ற ஓலைகளோடு இருந்தால் யார் யாரை எந்தக் கஷ்டத்தில் விற்றார்கள் என்று தெரியும்.

பாதுகாப்புக்கு வருவோம். நம் ஜில்லாவுக்கு இரண்டு மழை, ஜூனிலும் ஐப்பசியிலும், போதாததற்குக் கடல் காற்று. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் நகர்த்தி வையுங்கள், கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள், மழை இல்லாத நாளில் திறந்து காற்றோட்டம் கொடுங்கள், ஆனால் வெயிலில் காயப்போடாதீர்கள். இராமபாணப் பூச்சி துளைத்த புத்தகம் வந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல், நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, டீப் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். குளச்சல் மீன் வைக்கும் தட்டில் வேண்டாம், வீட்டில் சண்டை வரும். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் எதிரிகள், லேமினேட் செய்த ஆதாரத்தைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. ஓலைக்கு நீங்களே எண்ணெய் பூசிப் பரிசோதனை செய்ய வேண்டாம். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து காலையில் போய்க் கேட்டுவிட்டு ராத்திரிக்குள் திரும்பலாம். தமிழ் அச்சுப் புத்தகங்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீட்டில் சேர்த்த புத்தகங்களில் தொடங்கியதுதான் அது.

ஒரு நோட்டில் பட்டியலும் எழுதிவிடுங்கள், எது எந்தப் பெட்டியில், எது சொந்தம், எது இரவல், பிற்காலத்தில் எந்த நூலகத்துக்குப் போக வேண்டும் என்று. அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருத்தருக்காவது காட்டிவையுங்கள்.