சீனப் பெருநாள் ஆரஞ்சில் மார்மலேட்

சீனப் பெருநாளின் பதினைந்தாம் இரவான சாப் கோ மே முடிந்த மறுநாள் எங்கள் வீட்டு மேசையில் மாண்டரின் ஆரஞ்சு குவிந்து கிடக்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கொடுத்தது, கணவர் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்தது என்று எல்லாம் ஜோடி ஜோடியாக வந்தவை. முந்தைய இரவுதான் பினாங்கு எஸ்பிளனேடில் பெண்கள் கடலில் ஆரஞ்சு வீசியிருப்பார்கள். வீட்டில் மிஞ்சியதோ தோல் சுருங்கத் தொடங்கியிருக்கும். வீசி எறிய எனக்கு மனசு வராது, தோலையும் சேர்த்துச் செய்யும் ஜாமான மார்மலேட் கிண்டிவிடுவேன்.

மாண்டரினை மட்டும் நம்பினால் பாகு இறுகாது, அதில் புளிப்பு போதாது. அரைக்கிலோ ஆரஞ்சுக்கு அரைக்கிலோ லீமாவ் கஸ்தூரி என்னும் சின்னப் புளிப்பு எலுமிச்சை சேருங்கள். ஜெலுத்தோங் பசாரில் வாங்கும்போது நான் பச்சையாக, கெட்டியாக இருப்பதைத்தான் பொறுக்குவேன். நன்றாகப் பழுத்ததில், பாகை இறுகவைக்கும் பெக்டின் குறைவு.

அம்மா நாரத்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பார். தோலில் ஒரு துணுக்குகூட வீணாகாது, விதையை மட்டும் எறிந்துவிடுவார். மார்மலேடுக்கு அந்த விதைதான் உயிர். விதையிலும் தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையிலும்தான் பெக்டின் இருக்கிறது. அதனால் கடையில் பெக்டின் தூள் வாங்கவே வேண்டாம்.

பழங்களை வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், ஆரஞ்சின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். லீமாவ் கஸ்தூரியைக் குறுக்கே வெட்டி வடிகட்டியில் பிழிந்து, சாற்றை எடுத்து வையுங்கள். இரண்டு வகைப் பழத்தின் விதைகளையும் பழைய வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டுங்கள். தோலைத் தீக்குச்சி கனத்துக்கு அரியுங்கள். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் போகும். அவசரப்பட்டால் வாயில் கட்டை கட்டையாக அகப்படும். ஆரஞ்சுச் சுளைகளையும் பொடியாக நறுக்கி, சாறு, தோல், விதை முடிச்சு எல்லாவற்றையும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் சில்வர் பாத்திரத்தில் வேகவையுங்கள். அலுமினியம் கூடாது, புளிப்பு அதை அரிக்கும். தோலை இரண்டு விரலால் நசுக்கினால் மசிய வேண்டும்; முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை சீனியைத் தொடாதீர்கள். முதல் தடவை நான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தேன். சீனி பட்ட பிறகு தோல் மேற்கொண்டு மெத்தென்று வேகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆறு போத்தலும் மெல்ல முடியாத ரப்பராகிப் போயின. அத்தனை பழமும் பாழானது இன்றைக்கும் வருத்தம்தான்.

தோல் வெந்ததும் விதை முடிச்சை ஆறவைத்து, பாத்திரத்துக்கு மேலேயே பிடித்துப் பிழியுங்கள். கொழகொழவென்று ஒன்று வழியும், பெக்டின் அதுதான். கடைசிச் சொட்டுவரை பிழியுங்கள். பிறகு வெந்ததைக் கப்பால் அளந்து, ஒரு கப்புக்கு ஒரு கப் சீனி. சிறு தீயில் சீனி முழுக்கக் கரைந்த பிறகே தீயைக் கூட்ட வேண்டும். பாகு பொங்கும், அதனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது.

தெர்மாமீட்டர் இருந்தால் 104, 105 டிகிரி செல்சியஸில் பதம் வரும். நான் தட்டைத்தான் நம்புகிறேன். ஃப்ரீசரில் வைத்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். சோதிக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், அந்த ஒரு நிமிடத்தில்கூடப் பாகு மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விடும்.

இறக்கியதும் 10 நிமிடம் பொறுத்து, ஒருமுறை கிளறி ஊற்றுங்கள். உடனே ஊற்றினால் தோலெல்லாம் மேலே மிதந்துவிடும். போத்தல்களை அதற்குள் 10 நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, ஈரம் இல்லாமல் சூடாக வைத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். திறந்த போத்தல் ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்க வேண்டும்.

காயாவில், அதாவது தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த இனிப்பு ஜாமில், வளர்ந்த என் பிள்ளைகள் முதலில் கசக்கிறது என்றார்கள். இப்போது சுட்ட ரொட்டியில் வெண்ணெயைத் தடவி, இதற்காகக் காத்திருக்கிறார்கள். முதல் போத்தல் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குப் போகும்.